பெண்கள் ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பராகத் தொழில் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்களுக்கான தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான பி.டபிள்யூ.எச்.எல். 2024 ஜனவரி 1 அன்று வட அமெரிக்காவில் தொடங்கியது. வலைக்கு முன்னால் நிற்பதையே பிழைப்பாக வைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி அதன் பிறகு நிறைய வருகிறது. பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

மொத்தம் எத்தனை கோல்கீப்பர்களுக்கு வேலை இருக்கிறது?

மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்தக் கணக்குதான். பி.டபிள்யூ.எச்.எல். ஆறு அணிகளோடு தொடங்கியது: பாஸ்டன், மினசோட்டா, மாண்ட்ரியல், நியூயார்க், ஒட்டாவா, டொராண்டோ. 2025-26 பருவத்தில் வான்கூவரும் சியாட்டிலும் சேர்ந்து எட்டாகின. ஓர் அணியில் 23 பேர். அதில் கோல்கீப்பர்கள் வழக்கமாக மூன்று பேர். எட்டு அணிக்கும் சேர்த்து 24 இடம். ஆனால் ஒரு போட்டியில் வலைக்கு முன்னால் நிற்பது அணிக்கு ஒருவர்தான். ஃபார்வர்டாக இருந்தால் நான்காவது வரிசையில் இறங்கியாவது சில நிமிடங்கள் விளையாடிவிடலாம். கோல்கீப்பருக்கு அந்த வசதி இல்லை: ஒன்று 60 நிமிடமும் உங்களுடையது, இல்லையென்றால் ஒரு நிமிடம்கூட இல்லை. அதனால் இந்தத் தொழிலில் நன்றாக விளையாடக் கற்றுக்கொள்வது ஒரு பாதி. விளையாடாத வாரங்களில் உடலும் கண்ணும் மங்காமல் வைத்திருப்பது மறு பாதி. இரண்டாவதை யாரும் சிறு வயதில் சொல்லிக்கொடுப்பதில்லை, அதனால்தான் பலர் அங்கே தடுக்கி விழுகிறார்கள்.

இதற்கு முன் பெண்களுக்கு லீக்கே இல்லையா?

இருந்தது, ஆனால் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கனடாவை மையமாகக் கொண்ட சி.டபிள்யூ.எச்.எல். 2007-ல் தொடங்கியது. முதல் பத்து ஆண்டுகள் வீராங்கனைகளுக்குச் சம்பளமே கிடையாது. 2017-ல்தான் சிறு உதவித்தொகை வந்தது. 2019-ல் லீக் மூடப்பட்டது. அமெரிக்காவில் 2015-ல் தொடங்கிய என்.டபிள்யூ.எச்.எல். சம்பளம் கொடுத்தது, பின்னர் பி.எச்.எஃப். என்று பெயர் மாறியது. 2023-ல் அதை மார்க் வால்டர் குழுமமும் பில்லி ஜீன் கிங்கின் நிறுவனமும் வாங்கின. அதன் தொடர்ச்சியாகத்தான் இப்போதைய லீக் உருவானது.

எந்த வயதிலிருந்து கோல்கீப்பராக மட்டும் நிற்க வேண்டும்?

பத்து, பன்னிரண்டு வயது வரை அவசரம் வேண்டாம். அதற்கு முன் எல்லோரும் முறை வைத்து வலைக்கு முன்னால் நிற்பதும், மற்ற நாட்களில் வெளியே ஸ்கேட் செய்வதும்தான் நல்லது. காரணம் ஸ்கேட்டிங். ‘சரியாக ஸ்கேட் செய்யத் தெரியாதவளை கோலில் நிறுத்து’ என்ற பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. உண்மையில் அணியிலேயே ஸ்கேட் பிளேடின் விளிம்புகளை நன்றாக ஆளத் தெரிந்தவள் கோல்கீப்பராகத்தான் இருக்க வேண்டும். முழு வேகத்தில் ஓடுவது அவளுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஒரே தள்ளலில் ஒன்றரை மீட்டர் நகர்ந்து, நினைத்த இடத்தில் பிசிறில்லாமல் நிற்பது ஒரு போட்டியில் திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

பள்ளிக்குப் பிறகு வழி என்ன?

பெரும்பாலானவர்கள் வரும் வழி அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி, அதாவது என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவு. விஸ்கான்சின், மினசோட்டா, நார்த்ஈஸ்டர்ன், ஒஹாயோ ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களின் பெயர் தொழில்முறை அணிப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும். கனடாவில் யூ ஸ்போர்ட்ஸ் பல்கலைக்கழகப் போட்டிகள் இருக்கின்றன; ஐரோப்பாவில் ஸ்வீடனின் எஸ்.டி.எச்.எல். முக்கியமான லீக். கல்லூரி முடிந்ததும் பி.டபிள்யூ.எச்.எல். டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் முறை வைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வுக்கு, பெயர் கொடுக்க வேண்டும். தேர்வாகாவிட்டாலும் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வரலாம், மாற்று ஆட்டக்காரராக ஒப்பந்தமும் கிடைக்கலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். கோல்கீப்பர்களுக்கென்று முழு நேரப் பயிற்சியாளர் இருக்கிறாரா? இப்போது அணியில் இருக்கும் கோல்கீப்பர்கள் எந்த ஆண்டு படிக்கிறார்கள்? உங்களோடு சேர்த்து எத்தனை பேரை எடுக்கிறார்கள்? பெரிய பெயருள்ள அணியில் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்திருப்பதைவிட நடுத்தர அணியில் 60, 70 போட்டிகள் ஆடியவளைத் தொழில்முறை அணிகள் எளிதாக மதிப்பிட முடியும். பட்டப்படிப்பை எக்காரணம் கொண்டும் பாதியில் விடக்கூடாது. ஏன் என்பது சம்பளக் கேள்வியில் தெரியும்.

உயரம் குறைவாக இருந்தால் வாய்ப்பில்லையா?

வாய்ப்பு உண்டு. பாஸ்டனின் ஏரின் ஃப்ராங்கல் 5 அடி 5 அங்குலம்தான். 2021-ல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஹாக்கியின் உயரிய விருதான பேட்டி காஸ்மையர் விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் உயரம் குறைந்தவர் வேறு விதமாக ஆட வேண்டும். வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். முழங்காலிட்டதும் தோளுக்கு மேல் தெரியும் இடைவெளி உயரமானவருக்குக் குறைவு, குள்ளமானவருக்கு அதிகம். அதை ஈடுகட்ட க்ரீஸின் (வலைக்கு முன்னால் கோடிட்டுக் குறித்த கோல்கீப்பர் பகுதி) விளிம்புக்கு, சில நேரம் அதையும் தாண்டி, முன்னால் வந்து நிற்க வேண்டும். முன்னால் வந்தால் பக்கவாட்டுப் பாஸுக்குப் பின்னோக்கி நகர வேண்டிய தூரம் கூடும். ஆகவே கால் வேகமும், பாஸ் எங்கே போகும் என்று முன்கூட்டியே படிக்கும் திறனும் கட்டாயமாகின்றன.

கருவிகள் என்னென்ன? வாங்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

கால் பேட் ஒரு ஜோடி, பக்கை (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) பிடிக்கும் க்ளவ், ஸ்டிக் பிடிக்கும் கையில் ப்ளாக்கர், மார்புக் கவசம், கோல்கீப்பர் பேண்ட், முகக் கூண்டுள்ள ஹெல்மெட், கழுத்துக் காப்பு, முழங்கால் காப்பு, இடுப்புக் காப்பு, கோல்கீப்பர் ஸ்கேட், ஸ்டிக். கால் பேடின் அகலம் 11 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தொழில்முறைத் தரத்தில் புதிய கால் பேட் மட்டும் ஒரு ஜோடி 2,000 அமெரிக்க டாலரைத் தொடும். தொழில்முறை அணிக்கு வந்துவிட்டால் கருவிச் செலவு அணியுடையது; அதுவரை வீட்டின் செலவு.

பெரும்பாலான பிழை பேடின் உயரத்தில் நடக்கிறது. ‘வளரும் பிள்ளைதானே’ என்று ஓர் அளவு பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். கடையிலேயே ஸ்கேட்டும் முழங்கால் காப்பும் போட்டு, பேடைக் கட்டி, முழங்காலிட்டுப் பார்க்க வேண்டும். முழங்கால் பேடின் உட்பக்கத் திண்டின் நடுவில் இறங்க வேண்டும். பேட் நீளமாக இருந்தால் இரண்டு பேடின் மேல் முனைகளும் தொடையருகே இடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறை எழும்போதும் கால் தாமதப்படும். குட்டையாக இருந்தால் முழங்கால் திண்டைத் தாண்டி நேராகப் பனியில் மோதும்; கால்களுக்கு நடுவே பக் நுழையும் சந்தும் திறந்தே இருக்கும். வார்களை இறுக்கிக் கட்டுவது அடுத்த தவறு. கீழே இறங்கும்போது பேட் காலைச் சுற்றி உள்பக்கமாகத் திரும்பி, அதன் முகம் பக்கைப் பார்க்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் பேட் திரும்பாது. திரும்ப வேண்டிய வேலையை முழங்கால் மூட்டு செய்யும், வலி அங்கே தொடங்கும்.

மார்புக் கவசம் பெரும்பாலும் ஆண் உடல் அளவுக்கே வெட்டப்படுகிறது. பெண்களுக்குத் தோள் சரியாக இருந்தால் வயிற்றுப் பக்கம் நீண்டு பேண்டில் மடங்கும். வயிற்றைப் பார்த்து வாங்கினால் காரை எலும்பு வெளியே தெரியும். கவசத்தைப் போட்டு இரு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், அதன் பிறகு முழங்காலிட்டு முன்னால் சாயுங்கள். இரண்டிலும் கழுத்தடியும் காரை எலும்பும் மூடியிருக்க வேண்டும். இடுப்புக் காப்பு பெண்களுக்கென்று தனியாகச் செய்ததாகவே இருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் பைக்குள் திணித்து மறுநாள் வரை வைத்திருந்தால் வார், தையல், உள்ளங்கைத் தோல் மூன்றும் சீக்கிரம் இற்றுப்போகும். அன்றே விரித்துக் காற்றாட விடுங்கள்.

ஸ்கேட் பிளேடை எப்படித் தீட்டுவது?

வெளியே ஆடுபவர்களின் பிளேடு சுமார் 3 மி.மீ. தடிமன், கோல்கீப்பருடையது 4 மி.மீ. அதோடு நீளவாக்கில் தட்டையாகவும் இருக்கும். பனியில் அதிக நீளம் படும், அதனால் நிற்பது உறுதியாகும். பிளேடின் அடியில் குழிவாகத் தீட்டுவார்கள். அந்தக் குழிவின் ஆரம் சிறிதானால் குழி ஆழம், பிடிப்பு அதிகம். முன்பு கோல்கீப்பர்கள் ஆழமில்லாத குழியையே விரும்பினார்கள். இன்று கீழே இறங்கிய நிலையிலிருந்தே ஒரு காலை ஊன்றித் தள்ள வேண்டியிருப்பதால், பலர் 3/8 முதல் 5/8 அங்குலம் வரையிலான ஆரத்தில் தீட்டிக்கொள்கிறார்கள்.

தீட்டி வாங்கியதும் கடையை விட்டுக் கிளம்பும் முன் ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடியுங்கள். பிளேடின் குறுக்கே ஒரு நாணயத்தை இரு விளிம்பிலும் படும்படி வைத்து, கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். நாணயம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு விளிம்பு மற்றதைவிட உயரமாக இருக்கிறது என்று பொருள். திருப்பிக் கொடுத்து மறுபடி தீட்டச் சொல்லுங்கள். கோல்கீப்பரின் உயிர் உள்விளிம்பில் இருக்கிறது. அது மழுங்கினால், வலதுபக்கம் தள்ளும்போது ஊன்றிய இடது கால் வழுக்கி வெளியே ஓடும், நீங்கள் பாதி வழியில் படுத்திருப்பீர்கள். கோல் கம்பத்தை உதைத்துத் தள்ளுவதாலும் விளிம்பு அடிபடும், அதனால் போட்டிக்கு முன் விரல் நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் சீவப்பட வேண்டும்.

பட்டர்ஃப்ளை என்பது என்ன? அதில் இறங்கத் தெரிந்தால் போதுமா?

இரண்டு முழங்காலும் சேர்ந்து கீழே இறங்கி, பேடுகள் இருபுறமும் விரிந்து வலையின் கீழ்ப்பகுதியை மூடுவதுதான் பட்டர்ஃப்ளை. இன்றைய கோல்கீப்பர்கள் எல்லோருக்கும் அடிப்படை இதுதான். இறங்கக் கற்பது எளிது. எப்போது இறங்கக்கூடாது என்று கற்கத்தான் பல ஆண்டுகள் ஆகும்.

வரிசை இப்படி: முதலில் கோணம், அடுத்து நேர்முகம், பிறகு ஆழம், கடைசியில்தான் இறங்குவது. பக்கிலிருந்து கோல் கோட்டின் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு இழுத்தால் அதன் மேல் நீங்கள் நிற்க வேண்டும், அது கோணம். தோளும் இடுப்பும் கால்விரலும் பக்கைப் பார்க்க வேண்டும், அது நேர்முகம். கோட்டிலிருந்து எவ்வளவு முன்னால் நிற்கிறீர்கள் என்பது ஆழம். பயிற்சியில் இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு கம்பங்களின் அடியிலும் கயிறு கட்டி, இரு கயிற்றின் மறுமுனையையும் பக் இருக்கும் இடத்தில் சேர்த்துப் பிடியுங்கள். கயிறுகளுக்கு நடுவே கோல்கீப்பர் நிற்கட்டும். ஒருபக்கம் சந்து பெரிதாக இருந்தால் கோணம் தவறு. ஒரு அடி முன்னால் வந்ததும் இருபுறச் சந்தும் எவ்வளவு சுருங்குகிறது என்று பிள்ளைக்குத் தானே புரியும்.

ஷாட் அடிக்கும் முன்பே இறங்குவதுதான் அதிகம் பார்க்கும் பிழை. இறங்கியவளைப் பார்த்து அடிப்பவள் மேலே தூக்கி அடிப்பாள். அல்லது பக்கவாட்டில் பாஸ் கொடுப்பாள். பக் ஸ்டிக்கை விட்டுக் கிளம்பும் வரை காலில் நில்லுங்கள். அடுத்த பிழை ரீபவுண்ட். பேடில் பட்டு நேராக நடுவில் விழும் பக்தான் பெரும்பாலும் கோலாகிறது. முதல் ஷாட்டைத் தடுத்தும் பயனில்லாமல் போகிறது. கீழே வரும் பக்கை ஸ்டிக்கின் பிளேடைச் சாய்த்து மூலைக்குத் திருப்புங்கள். மார்புக்கு வருவதைக் கையால் அணைத்து உள்ளே வாங்கி, விசில் வரும் வரை விடாதீர்கள். க்ளவ் உடலுக்கு முன்னால், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். தொடையோடு ஒட்டிக்கொண்ட க்ளவ் எப்போதும் தாமதமாக எழும்.

கம்பத்தோடு ஒட்டி ஒரு காலைக் கிடத்துகிறார்களே, அது எதற்கு?

பக் கோல் கோட்டின் அருகிலோ வலைக்குப் பின்னாலோ இருக்கும்போது செய்வது அது. கம்பத்தின் பக்கத்துக் காலைப் பனியில் கிடத்தி, ஸ்கேட்டையோ பேடையோ கம்பத்தில் பதித்து, மறு காலை மடக்கித் தள்ளத் தயாராக வைத்திருப்பார்கள். கீழ்ப்பகுதி நன்றாக மூடும். ஆனால் கம்பத்துக்கும் காதுக்கும் நடுவே மேலே ஒரு சந்து இருக்கும், நல்ல ஆட்டக்காரி அதையே குறிவைப்பாள். பக் கோட்டிலிருந்து மேலே ஏறி வந்துவிட்டால் எழுந்து நிற்க வேண்டும். சோம்பலால் அதிலேயே கிடப்பவர்கள்தான் தோளுக்கு மேல் கோல் வாங்குகிறார்கள்.

ஷூட்அவுட்டில் ஒண்டிக்கு ஒண்டி நிற்பதில் ஏதாவது முறை இருக்கிறதா?

முன்னால் வந்து தொடங்கி, அவள் வரும் வேகத்துக்கு ஈடாகப் பின்னே போக வேண்டும். வேகமாகப் பின்வாங்கினால் வலை திறக்கும். நின்றுவிட்டால் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். பொறுமையாக, முதல் பொய்யசைவுக்கு இறங்காமல் இருப்பதே முழு வித்தை. 2018 பியோங்சாங் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவும் கனடாவும் ஐந்து சுற்றுக்குப் பிறகும் சமமாக இருந்தன. ஆறாவது சுற்றில் அமெரிக்காவின் ஜோஸ்லின் லமுரூ-டேவிட்சன் கோல் போட்டார். அடுத்து வந்த மெகன் அகோஸ்டாவைத் தடுத்தவர் அமெரிக்கக் கோல்கீப்பர் மேடி ரூனி. அப்போது அவருக்கு 20 வயது, கல்லூரி மாணவி. அந்தத் தடுப்பில்தான் தங்கம் அமெரிக்காவுக்குப் போனது.

இரண்டாவது கோல்கீப்பராக இருப்பது தோல்வியா?

இல்லை. க்வினெத் ஃபிலிப்ஸின் பாதையைப் பாருங்கள். நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஃப்ராங்கல் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்குப் பின்னால் காத்திருந்தவர் அவர். 2024 டிராஃப்டில் ஒட்டாவா எடுத்தது. அங்கும் எமரன்ஸ் மாஷ்மையர்தான் முதல் ஆள். 2025 மார்ச்சில் மாஷ்மையருக்குக் காயம். பொறுப்பு ஃபிலிப்ஸிடம் வந்தது. அடுத்த மாதம் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் கனடாவுக்கு எதிராக ஆடிய அமெரிக்க அணியின் கோல்கீப்பர் ஃப்ராங்கல் மூன்றாவது பீரியடில் (20 நிமிடப் பகுதி) மோதலில் காயமடைய, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஃபிலிப்ஸ் உடம்பு சூடாகாமலேயே உள்ளே போனார். ஓவர்டைமில் அமெரிக்கா 4-3 என்று வென்றது. பிறகு ஃபிலிப்ஸ் ஒட்டாவாவை பி.டபிள்யூ.எச்.எல்.-இன் சாம்பியன் கோப்பையான வால்டர் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார். அந்த இறுதித் தொடரின் நான்கு போட்டிகளும் 2-1 என்று ஓவர்டைமில்தான் முடிந்தன. மினசோட்டா வென்றது, ஆனால் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணியின் ஃபிலிப்ஸுக்குக் கிடைத்தது.

இதற்கு என்ன தயாரிப்பு என்றால், பெரும்பாலும் யாரும் பார்க்காத வேலை. போட்டி நாளன்று காலைப் பயிற்சியில் முதல் கோல்கீப்பர் இருபது நிமிடத்தில் வெளியேறிவிடுவார். இரண்டாவது ஆள் மற்றவர்கள் அடித்து ஓயும் வரை நிற்பார். அந்த ஷாட்களில் பாதி விளையாட்டுத்தனமாக அடிப்பவை. அவற்றை எண்ணிக்கொண்டு தடுப்பதில் பயனில்லை. ஒரு நாளைக்கு ஒரு விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று ரீபவுண்ட் எல்லாம் மூலைக்கு, நாளை க்ளவ் முன்னால். போட்டியின்போது பெஞ்சில் எதிரணியின் பவர்ப்ளே (தண்டனையால் ஆள் குறைந்த அணிக்கு எதிராக ஆடும் நேரம்) எந்தப் பக்கம் தொடங்குகிறது, யார் அடிக்கும் முன் தலையைக் குனிகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் நடைபாதையில் டென்னிஸ் பந்தைச் சுவரில் அடித்துப் பிடியுங்கள். இடுப்பைச் சூடாக வைத்திருங்கள். உள்ளே போகச் சொன்னால் கிடைக்கும் நேரம் அநேகமாக ஹெல்மெட் போடும் நேரம்தான்.

மினசோட்டா வேறு வழியைக் காட்டியது. ரூனி, நிக்கோல் ஹென்ஸ்லி இருவரையும் மாற்றி மாற்றி ஆடவைத்து 2024, 2025 இரண்டு கோப்பைகளையும் வாங்கியது.

சம்பளம் எவ்வளவு? அதில் வாழ முடியுமா?

லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2031 வரை செல்லும். முதல் பருவத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 அமெரிக்க டாலர். ஓர் அணியில் குறைந்தது ஆறு பேருக்கு 80,000 அல்லது அதற்கு மேல். அணியின் சராசரி 55,000. ஆண்டுக்கு 3 விழுக்காடு உயரும். மருத்துவக் காப்பீடும் மகப்பேற்றுக்கான ஏற்பாடும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. முதல் கோல்கீப்பருக்கு மேல் வரிசைச் சம்பளம் கிடைக்கும். மூன்றாவது ஆளுக்குக் குறைந்தபட்சத்தை ஒட்டித்தான். பாஸ்டனிலோ வான்கூவரிலோ 35,000 டாலரில் தனியாக வீடெடுத்து வாழ்வது கடினம். பலர் சேர்ந்து தங்குகிறார்கள், கோடையில் கோல்கீப்பர் முகாம்களில் பயிற்சி கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள். பட்டம் கையில் இருக்கட்டும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

கையெழுத்திடும் முன் முகவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அடுத்த பருவத்துக்கும் ஒப்பந்தம் உள்ள கோல்கீப்பர்கள் அந்த அணியில் எத்தனை பேர்? இருவர் இருந்தால், நீங்கள் வாங்கும் இடம் பயிற்சி மைதானத்தில்தான். அணி விரிவாக்கத்தில் இடம் மாறுவதும் சகஜம். மாஷ்மையர் 2025-26-ல் வான்கூவருக்குப் போனார்.

கோல்கீப்பரின் தரத்தை எந்த எண்களில் பார்க்கிறார்கள்?

தடுப்பு விகிதம், சராசரி கோல் இரண்டும் முதலில். 27 ஷாட்டில் 25 தடுத்தால் 0.926. சராசரி கோல் என்பது விட்ட கோலை 60-ஆல் பெருக்கி, ஆடிய நிமிடத்தால் வகுப்பது: 720 நிமிடத்தில் 26 கோல் என்றால் 2.17. பொதுவாக 0.920-க்கு மேல் நல்லது. சராசரி கோல் பாதி தற்காப்பாட்டக்காரர்களின் எண்; அதை மட்டும் வைத்து ஒருவரை மதிப்பிடுவது தவறு. தேர்வாளர்கள் இப்போது ஷாட் எங்கிருந்து வந்தது, அதற்கு முன் பக் இரு வலைகளையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைக் குறுக்காகக் கடந்ததா என்று பிரித்துப் பார்க்கிறார்கள். பிள்ளையின் போட்டிகளைப் படம் பிடிப்பவர்கள் வலைக்குப் பின்னாலிருந்து மட்டும் எடுக்காமல், பாஸ் தெரியும்படி மேலிருந்தும் எடுத்து வையுங்கள்.

இந்த லீக்கின் விதிகளில் கோல்கீப்பர் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

இரண்டு. வழக்கமான நேரத்தில் வென்றால் 3 புள்ளி, ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ வென்றால் 2, அங்கே தோற்றால் 1. அதனால் சமநிலையில் இருக்கும் கடைசி நிமிடங்களிலும் எதிரணி அடங்கி ஆடாது. இன்னொன்று, ஆள் குறைவாக இருக்கும் அணி கோல் போட்டால் அவர்களது தண்டனை அத்தோடு முடிந்துவிடும். ஆகவே உங்கள் அணி பவர்ப்ளேயில் இருக்கும்போது ‘இப்போது நமக்கு வேலை இல்லை’ என்று தளர்ந்துவிட முடியாது.

உடம்பில் முதலில் எது கெடும்?

இடுப்பு. பட்டர்ஃப்ளையில் தொடை எலும்பு உள்பக்கமாகத் திருகுகிறது. பயிற்சி, போட்டி எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான முறை. தொடை எலும்பின் தலைப்பகுதியில் எலும்புப் புடைப்பு இருந்தால் அது குழியின் விளிம்பில் இடித்து, அங்குள்ள குருத்தெலும்பு வளையத்தைக் கிழிக்கும். வளரும் வயதில் அதிகம் ஆடுவது இந்தப் புடைப்போடு தொடர்புடையது. எனவே 14, 15 வயதுப் பிள்ளையை ஆண்டு முழுவதும் பனியில் வைத்திருப்பது அவளுக்கு நல்லதல்ல. கோடையில் குறைந்தது இரண்டு மாதம் பேடைக் கழற்றிவிட்டு வேறு விளையாட்டு ஆடட்டும்.

அறிகுறி இப்படி வரும்: நீண்ட நேரம் காரில் உட்கார்ந்து எழும்போது கவட்டையின் ஆழத்தில் வலி, சாக்ஸ் போடக் குனியும்போது பிடிப்பு, ஒருபக்கப் பேட் மட்டும் முன்போல விரியாமை. இதற்கு வலிந்து இழுத்து நீட்டும் பயிற்சி செய்தால் இன்னும் கெடும். எலும்பு இடிக்கும் இடத்தில் தசையை இழுத்துப் பயனில்லை. விளையாட்டு மருத்துவரிடம் காட்டிப் படம் எடுத்துப் பாருங்கள்.

தொடை உள்தசைக் கிழிவு அடுத்தது. உள்தசையின் வலு வெளித்தசையின் வலுவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கிழியும் ஆபத்து கூடுவதாக ஹாக்கி ஆட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பக்கவாட்டில் படுத்து, மேல் காலை ஒரு பெஞ்சில் ஊன்றி உடலைத் தூக்கி நிறுத்தும் கோபன்ஹேகன் பயிற்சி இதற்கு நல்ல மருந்து. முதலில் முழங்காலை ஊன்றி 10 வினாடி. வலுவானதும் பாதத்தை ஊன்றிச் செய்யலாம்.

வியர்வையைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. போட்டிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒன்றரை லிட்டர், உப்புச் சேர்த்து, அடுத்த சில மணி நேரத்தில் குடித்துவிட வேண்டும். மூன்றாவது பீரியடில் கால் பிடித்துக்கொள்வதும் பக்கைப் பார்ப்பதில் தாமதமாவதும் பல நேரம் இதனால்தான்.

எளிதான கோலை விட்டுவிட்டால் என்ன செய்வது?

ஒரே மாதிரியான சிறு வரிசை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்து, இரண்டு கம்பத்தையும் ஸ்டிக்கால் தட்டி, க்ரீஸின் உச்சிக்கு வந்து, முதல் வேலையாக நடுவட்டத்தில் இருக்கும் பக்கைப் பாருங்கள். பெரிய திரையில் மறு ஒளிபரப்பைப் பார்க்காதீர்கள். அதை மறுநாள் பயிற்சியாளரோடு பார்க்கலாம்.

பெண் கோல்கீப்பர்கள் ஆண்கள் அணிகளில் ஆடியிருக்கிறார்களா?

ஆடியிருக்கிறார்கள். 1992 செப்டம்பர் 23 அன்று மனோன் ரியோம் டாம்பா பே லைட்னிங் அணிக்காக செயின்ட் லூயி ப்ளூஸுக்கு எதிராகப் பருவத்துக்கு முந்தைய போட்டியில் ஒரு பீரியட் நின்றார். வந்தது 9 ஷாட், விட்டது 2. ஆண்களின் முதன்மை லீக்கான என்.எச்.எல். அணிக்காகக் களமிறங்கிய முதல் பெண் அவர்தான். ஷனன் சபாடோஸ் 2014-ல் கொலம்பஸ் காட்டன்மவுத்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணியில் சேர்ந்தார். 2015 டிசம்பரில் ஒரு கோலும் விடாமல் ஒரு போட்டியை முடித்தார். இன்று பெண்களுக்கே சம்பளம் தரும் லீக் இருப்பதால் அதைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது. ஆனால் 12, 13 வயது வரை பையன்கள் அணியில் ஆடுவது ஷாட் வேகத்துக்குக் கண்ணைப் பழக்க நல்ல வழி.

இந்தியாவிலிருந்து இந்த இடத்துக்கு வர முடியுமா?

இந்தியப் பெண்கள் அணி 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது; ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். இயற்கைப் பனி உறையும் சில குளிர்கால வாரங்களை நம்பி வளர்ந்தவர்களுக்கு இது பெரிய சாதனை. ஆனால் தொழில்முறைக்கு ஆண்டில் எட்டு, ஒன்பது மாதம் பனியில் நிற்க வேண்டும். அதற்கு இப்போதைக்கு வெளிநாட்டுப் பள்ளி, கல்லூரி வழிதான்.

நாங்கள் டொராண்டோ பக்கம் இருக்கிறோம். மகள் கோலில் நிற்க ஆசைப்படுகிறாள். எங்கே தொடங்குவது?

முதலில் ஒரு பருவம் ஸ்கேட்டிங் வகுப்பு. பிறகு உங்கள் பகுதிப் பெண்கள் ஹாக்கிச் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் எல்லாவற்றிலும் இருக்கிறது. சின்ன வயதுப் பிரிவுகளில் முறை வைத்து நிற்பவர்களுக்குப் பல சங்கங்கள் கோல்கீப்பர் கருவிகளைக் கடனாகத் தரும், ஆகவே முதல் ஆண்டிலேயே புதிது வாங்காதீர்கள். சங்கத்தின் பொறுப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். டொராண்டோ செப்டர்ஸ் ஆடும் கோகோ-கோலா கொலீசியத்துக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு போய், வலைக்குப் பின்னாலோ மூலையிலோ இருக்கை வாங்குங்கள். போட்டிக்கு முந்தைய வார்ம்அப்புக்கே போய்விட வேண்டும். பக்கைப் பார்க்காமல் கோல்கீப்பரின் கால்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆடி முடித்த பிறகு?

கோல்கீப்பர் பயிற்சியாளர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. கல்லூரி அணிகளிலும் தனியார் முகாம்களிலும் வேலை கிடைக்கும். சிலர் நிர்வாகத்துக்குப் போகிறார்கள். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் சுவிட்சர்லாந்துக்கு வெண்கலம் வாங்கித் தந்து தொடரின் சிறந்த ஆட்டக்காரரான ஃப்ளாரன்ஸ் ஷெல்லிங், 2020-ல் சுவிஸ் ஆண்கள் லீக்கில் எஸ்.சி. பெர்ன் அணியின் பொது மேலாளர் ஆனார். கனடாவின் கிம் செயின்ட்-பியர் 2020-ல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான முதல் பெண் கோல்கீப்பர். பயிற்சியாளராக விரும்புகிறவர்கள் ஆடும் காலத்திலேயே கோடை முகாம்களில் உதவியாளராகச் சேர்ந்து சான்றிதழ்களை முடித்துவிடுவது நல்லது. ஒப்பந்தம் நின்ற பிறகு தொடங்கினால் முதல் வேலைக்கு ஓரிரு ஆண்டு காத்திருக்க வேண்டிவரும்.